அதிகம் ஓடிய பிக்கப் வண்டியின் கியர் பாக்ஸ்: பிரித்துச் சரிசெய்வதா, மாற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா யோதா போன்ற சுமை வண்டிகளை இரண்டு, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இப்போது கியர் பாக்ஸ் தொல்லை கொடுக்கத் தொடங்கியிருக்கும் உரிமையாளர்களுக்காகவும் ஓட்டுநர்களுக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. இவை பின் சக்கரத்தால் இயங்கும், கையால் மாற்றும் ஐந்து கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக் பெட்டிகளின் அமைப்பும் ஆயிலும் முற்றிலும் வேறானவை என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழுது கியர் பாக்ஸில்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

இதுவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பெரும்பாலும் பெட்டியைக் கீழே இறக்கிய பிறகுதான் கேட்கப்படுகிறது. "பாக்ஸ் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் பழுது வேறு இடத்தில் இருக்கும். கிளட்ச் பிளேட் முழுவதுமாக விடுபடாமல் ஒட்டிக்கொண்டே சுற்றினால் எந்தக் கியரும் எளிதில் விழாது. கியர் லீவருக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள புஷ்ஷும் இணைப்புகளும் தேய்ந்திருந்தால் லீவர் ஆடும், மூன்றாவது என்று நினைத்துப் போட்டது முதலாவதில் விழும். பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாப்டின் கிராஸ் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் வண்டி எடுக்கும்போது "டக்" என்று ஒரு அடி கேட்கும். பின் ஹவுசிங்கில், அதாவது பின் அச்சின் நடுவில் உள்ள கூட்டில், கிரவுன் பினியன் என்னும் பற்சக்கர ஜோடி தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும், விடும்போது வேறு விதமாகவும் ஊளையிடும். இவை எதற்கும் கியர் பாக்ஸைத் தொட வேண்டியதே இல்லை.

கிளட்சைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுவதுமாக மிதித்து மூன்று நான்கு நொடி காத்திருந்து, பிறகு ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான இவ்வகைப் பெட்டிகளில் ரிவர்ஸுக்கு, கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ ரிங் கிடையாது. ஆகவே, உள்ளே சுற்றுவது நின்றிருந்தால் மட்டுமே அது சத்தமின்றி விழும். காத்திருந்த பிறகும் கரகரவென்று கத்தினால் கிளட்ச் விடுபடவில்லை என்று பொருள். அப்போது முதலில் பார்க்க வேண்டியவை கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், அதன் கீழ்ச் சிலிண்டர், ஆயில் கசிவு, பெடலின் ஆட்டம் ஆகியவைதான்.

சத்தத்தை வைத்து எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெருமளவுக்கு முடியும், ஆனால் பெட்டிக்குள் எது எப்போது சுற்றுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கிளட்சிலிருந்து உள்ளே வரும் இன்புட் ஷாப்ட், கீழே படுத்திருக்கும் லே ஷாப்ட், பின்னால் வெளியேறும் மெயின் ஷாப்ட் என மூன்று தண்டுகள் உள்ளன. வண்டி நின்றுகொண்டு நியூட்ரலில் என்ஜின் ஓடும்போது முதல் இரண்டும் சுற்றுகின்றன, மெயின் ஷாப்ட் நின்றிருக்கிறது. அந்த நிலையில் கேட்கும் உறுமல் கிளட்சை மிதித்தவுடன் அடங்கினால், இன்புட் ஷாப்ட் பேரிங்கோ லே ஷாப்ட் பேரிங்கோ போயிருக்கிறது. அதற்கு நேர்மாறாக, மிதித்தவுடன் புதிதாகச் சத்தம் எழுந்தால் அது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். பெடலை அடிவரை மிதித்துப் பிடித்திருக்கும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் பிளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங்கையும் சேர்த்துச் சந்தேகிக்கலாம்.

ஓடும்போது நாலாவது கியர் நமக்கு நல்ல சாட்சி. பெரும்பாலான ஐந்து கியர் பெட்டிகளில் நாலாவது நேர் கியர். அதாவது, விசை லே ஷாப்டின் வழியாகச் சுற்றிப் போகாமல் இன்புட் ஷாப்டிலிருந்து நேராக மெயின் ஷாப்டுக்குப் போகிறது. லே ஷாப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் அதன் மேல் சுமை இருக்காது. ஆகவே முதல் மூன்று கியர்களிலும் ஐந்தாவதிலும் இரைந்து, நாலாவதில் மட்டும் அமைதியானால், பழுது லே ஷாப்டில் அல்லது அதன் பேரிங்குகளில் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு துணிந்து சொல்லலாம். ஒரே ஒரு கியரில் மட்டும் இரைச்சல் என்றால் அந்தக் கியரின் பற்கள் அல்லது அதன் அடியில் உள்ள ஊசி பேரிங். எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி இரைந்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்குத் தள்ளினாலும் தொடர்ந்தால் மெயின் ஷாப்டின் பின் பேரிங்கையும், அதற்கும் பின்னால் ஹவுசிங்கையும் சக்கர பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

இதை ஓட்டுநரே வண்டியில் அமர்ந்து பார்ப்பதுதான் நல்லது. பத்து நிமிடம் கவனமாகக் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறவரின் வண்டியில் வேலை பாதியாகக் குறைகிறது.

இரண்டாவது கியர் மட்டும் ஏன் கத்துகிறது?

இந்தப் பெட்டிகளில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கின்றன. லீவரை நகர்த்தும்போது நகர்வது பற்சக்கரம் அல்ல, ஸ்லீவ் என்னும் வளையம். அது போய்க் கோத்துக்கொள்ளும் முன் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அந்த வேகத்தைச் சமப்படுத்துவது பித்தளைச் சின்க்ரோ ரிங். அதன் உட்புறத்தில் நூல் போன்ற மெல்லிய வரிகள் வெட்டப்பட்டிருக்கும். ரிங் பற்சக்கரத்தின் கூம்பின் மேல் அழுந்தும்போது அந்த வரிகள் நடுவில் உள்ள ஆயில் படலத்தை அறுத்து, உலோகத்தை உலோகத்தோடு உரச வைத்து, வேகத்தைச் சமன் செய்கின்றன. வரிகள் தேய்ந்து மழுங்கினால் ரிங் ஆயிலின் மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும், வேகம் சமப்படாது, பற்கள் மோதிக்கொள்ளும். நாம் கேட்கும் "கர்ர்ர்" அந்த மோதல்தான்.

இரண்டாவது முதலில் தேய்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான விகித வேறுபாடு மற்ற கியர்களுக்கு இடையில் உள்ளதைவிடப் பெரிது, எனவே ஒவ்வொரு முறையும் ரிங் அதிக வேகத்தை அடக்க வேண்டியிருக்கிறது. அதோடு, நெரிசலிலும் வேகத்தடையிலும் வளைவிலும் நாம் மீண்டும் மீண்டும் இறங்கி வருவது இரண்டாவதுக்குத்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40 வளைவுகளையோ சுமையோடு தினமும் ஏறி இறங்கும் வண்டிக்கு இரண்டாவது கியரில் எவ்வளவு வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

வேலை பார்க்கும் வரை சமாளிக்க, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி, மீண்டும் மிதித்து இரண்டாவதுக்கு இறக்கலாம். சின்க்ரோ இல்லாத பழைய லாரிகளை அந்தக் காலத்து ஓட்டுநர்கள் இப்படித்தான் ஓட்டினார்கள். இது ரிங்கின் வேலையை உங்கள் கால் செய்வது, அவ்வளவுதான், தேய்ந்த ரிங் இதனால் சரியாகிவிடாது.

கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இது ஆபத்தா?

ஆம், மலை இறக்கத்தில் மிகவும் ஆபத்து. என்ஜின் பிடித்து வைத்திருந்த சுமை வண்டி ஒரே நொடியில் பிரேக்கை மட்டும் நம்பி ஓடத் தொடங்கும். மலைப்பாதையில் ஓடும் வண்டியில் கியர் நழுவத் தொடங்கிவிட்டால், வேலை முடியும் வரை அதை மலைக்கு அனுப்பாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

காரணங்கள் பல. ஸ்லீவும் பற்சக்கரமும் கோத்துக்கொள்ளும் சிறு பற்களின் முனை மழுங்கியிருக்கலாம். ஸ்லீவை நகர்த்தும் கியர் போர்க் ஒரு பக்கம் தேய்ந்து, கியர் முழு ஆழம் விழாமல் இருக்கலாம். கியரை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். மெயின் ஷாப்ட் முன்னும் பின்னும் ஆடலாம். பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்துபோனாலும் இதே அறிகுறி வரும் என்பதால், பெட்டியை இறக்கும் முன் மவுண்டிங்கை ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள். இரண்டு போல்ட்டில் முடிய வேண்டிய வேலைக்குப் பெட்டியையே பிரித்தவர்கள் உண்டு.

ஆயிலைப் பார்த்துப் பெட்டியின் நிலையை அறியலாமா?

எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான சோதனை வேறு இல்லை. வண்டி ஓடி வந்து சூடாக இருக்கும்போது ஆயிலை ஒரு சுத்தமான வெள்ளை டப்பாவில் இறக்குங்கள். வடிப்பு போல்ட்டின் காந்த முனையில் கறுப்பு மை போல மெல்லிய பசை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், அது பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியதன் இயல்பான தேய்மானம். விரல்களுக்கு நடுவில் அந்தப் பசையைத் தேய்க்கும்போது நறநறவென்று மணல் போல உறுத்தினால் பேரிங்கோ பற்களோ பொரியத் தொடங்கிவிட்டன. செதில் செதிலாக இரும்புத் துண்டு வந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள்.

ஆயிலை வெயிலில் காட்டிப் பார்க்கும்போது தங்கத் தூள் கரைத்தது போல மினுமினுத்தால் அது சின்க்ரோ ரிங்கின் பித்தளை. சிறிதளவு மினுமினுப்பு பழைய வண்டியில் இருக்கும். டப்பாவின் அடியில் மஞ்சளாகப் படியும் அளவுக்கு இருந்தால் ரிங்குகளின் காலம் முடிந்துவிட்டது. ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டிய வண்டிகளில், பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். அந்தத் துளை சேற்றால் அடைத்துக்கொண்டாலோ உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல ஆயில் சீல்கூடக் கசியும். சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்றால் முதலில் அந்தத் துளையைப் பாருங்கள்.

வந்த ஆயிலின் அளவையும் அளந்து பாருங்கள். கைந்நூலில் சொன்னதில் பாதிதான் வந்தது என்றால், பேரிங் ஏன் போனது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

ஒரு கியர் பாக்ஸ் எத்தனை கிலோமீட்டர் உழைக்க வேண்டும்?

கிலோமீட்டர் கணக்கு பாதி உண்மையையே சொல்லும். சமவெளியில் அளவான சுமையோடு டாப் கியரில் ஓடிய மூன்று லட்சமும், மலையிலும் மணல் குவாரியிலும் இரண்டு மடங்கு பாரத்தோடு முதலாவது, இரண்டாவது கியரில் ஓடிய ஒரு லட்சமும் ஒன்றல்ல. ஆயில் அளவு குறையாமல் பார்த்துக்கொண்ட பெட்டி பிரிக்கப்படாமலே வண்டியின் ஆயுள் முழுவதும் உழைத்ததைக் கண்டிருக்கிறேன்.

சரி, பிரித்துச் சரிசெய்வதா, பெட்டியையே மாற்றுவதா?

பெட்டியைப் பிரித்து, கழுவி, பாகங்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்க்கும் முன்பு இந்தக் கேள்விக்கு யார் விடை சொன்னாலும் அது ஊகம்தான். சத்தம் கேட்டவுடன் "வேறு பாக்ஸ் போட்டுவிடலாம்" என்று சொல்கிறவரையும், "ஒரு பேரிங்தான், சாயங்காலம் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்கிறவரையும் ஒரே அளவு எச்சரிக்கையோடு அணுகுங்கள். பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும் தனியாக ஒரு கூலி பேசிக்கொள்வது நியாயமானது. அதன்பின் முடிவு உங்கள் கையில் இருக்கும்.

மேசையில் நான் பார்ப்பது முதலில் கூட்டை, பிறகு தண்டுகளை, கடைசியில்தான் பேரிங்கையும் ரிங்கையும். காரணம், கடைசியில் சொன்னவை எப்படியும் தேயக்கூடியவை, கடையில் கிடைக்கக்கூடியவை. கூடு அலுமினியத்தால் ஆனது. பேரிங் உட்காரும் குழிக்குள் பேரிங்கின் வெளி வளையமே சுற்றத் தொடங்கியிருந்தால் அந்தக் குழி பெரிதாகி, புதிய பேரிங்கைக் கையால் தள்ளினாலே உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட கூட்டில் எவ்வளவு நல்ல பாகம் போட்டாலும் தண்டு நேராக நிற்காது. லே ஷாப்டில் பல் உடைந்து, அந்தத் துண்டு மற்ற பற்களுக்கு நடுவே அரைபட்டிருந்தால் இரண்டு மூன்று கியர்களை ஜோடி ஜோடியாக மாற்ற வேண்டிவரும். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய பல்லோடு சேர்ந்து ஊளையிடும். இந்த நிலையில் பெட்டியை மாற்றுவதே மலிவு.

கூடும் தண்டுகளும் பற்களும் நன்றாக இருந்து, பேரிங், சின்க்ரோ ரிங், ஆயில் சீல், போர்க் ஆகியவை மட்டும் தேய்ந்திருந்தால் தயங்காமல் சரிசெய்யுங்கள். உங்கள் வண்டியோடு பிறந்த பெட்டி, எங்கிருந்தோ வரும் முன்பின் தெரியாத பெட்டியைவிட நம்பத்தக்கது. பணக் கணக்கில் நான் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு இது: மாற்ற வேண்டிய பாகங்களின் விலையும் கூலியும் சேர்ந்து, உத்தரவாதத்தோடு கிடைக்கும் புதுப்பித்த பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றுவது பற்றி யோசிக்கலாம், முக்கால் பங்கைத் தாண்டினால் மாற்றிவிடலாம்.

இந்தக் கணக்கில் வண்டி நிற்கும் நாட்களையும் சேர்க்க மறக்காதீர்கள். செலவெல்லாம் போக ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் கையில் நிற்கும் வண்டி, உதிரி பாகம் வரவில்லை என்று 8 நாள் பட்டறையில் நின்றால் 12,000 ரூபாய் போய்விடுகிறது. மாதத் தவணையும் அந்த எட்டு நாளுக்காகக் காத்திருக்காது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டி என்றால், வாடிக்கை கைமாறிப்போகும் இழப்பு இதற்கும் மேல். மாற்றுப் பெட்டி தயாராக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் வண்டி சாலைக்கு வந்துவிடும் என்பது மாற்றுவதற்குச் சாதகமான உண்மையான காரணம்.

போன பேரிங்கை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. ஒரு பேரிங் பொரிந்து உதிர்த்த இரும்புத் தூள் ஆயிலோடு கலந்து மற்ற எல்லாப் பேரிங்குகளின் வழியாகவும் ஓடியிருக்கும். இதை நானே பட்டு அறிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், உரிமையாளர் பணத்துக்குச் சிரமப்படுகிறாரே என்று, இன்புட் ஷாப்ட் பேரிங்கை மட்டும் மாற்றி ஒரு வண்டியை அனுப்பினேன். மூன்றே மாதத்தில் லே ஷாப்டின் முன் பேரிங் நொறுங்கி, பல்லையும் சேர்த்துத் தின்றுவிட்டு அதே வண்டி கயிற்றில் கட்டி வந்து சேர்ந்தது. அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக நான் நினைத்த தொகையைவிடப் பல மடங்கு இரண்டாம் முறை செலவானது. அன்றிலிருந்து, பெட்டியைத் திறந்தால் பேரிங் செட், சீல் செட், ஊசி பேரிங்குகள் அத்தனையும் புதிது என்பதில் நான் இறங்கி வருவதில்லை. சின்க்ரோ ரிங்குகளை மட்டும் அளந்து பார்த்து முடிவு செய்யலாம். ரிங்கைக் கூம்பின் மேல் அழுத்திப் பிடித்து, ரிங்குக்கும் பற்சக்கரத்தின் சிறு பற்களுக்கும் இடையிலான சந்தில் பீலர் கேஜை, அதாவது சந்தை அளக்கும் மெல்லிய தகட்டை, நுழைக்க வேண்டும். புதிய ரிங்கில் இந்தச் சந்து பொதுவாக 1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அது அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டால் மாற்றியாக வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான வரம்பு அதன் சர்வீஸ் கைந்நூலில் இருக்கும்.

பழைய பெட்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் கழற்றிய பெட்டிகள் கிடைக்கும். நல்லவையும் உண்டு, வெளியே டீசலில் கழுவிப் பளபளக்க வைத்தவையும் உண்டு. கழுவாத பெட்டியே எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் எங்கே கசிந்திருக்கிறது என்பது அதில் தெரியும். ஆயில் உள்ளே இருக்கும் பெட்டியாகப் பார்த்து, கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லி, மேலே சொன்னபடி பாருங்கள். இன்புட் ஷாப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். மிகச் சிறிய ஆட்டம் இயல்பு, முனை கடகடவென்று ஆடினால் வேண்டாம். பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றுங்கள். ஓர் இடத்தில் தட்டினாலோ இறுகினாலோ அங்கே பல் போயிருக்கிறது.

பொருத்தம் இன்னொரு பெரிய விஷயம். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டு பெட்டி மாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகை விதிக்கு உட்பட்ட வண்டிகள் வந்த பிறகு சென்சார்களும் மாறியிருக்கின்றன. இன்புட் ஷாப்டின் வரிப் பற்களை எண்ணி உங்கள் கிளட்ச் பிளேட்டோடு ஒப்பிடுங்கள். மணிக்கூடு (பெட்டியை என்ஜினோடு இணைக்கும் மணி வடிவக் கூடு), மவுண்டிங் துளைகள், ஸ்பீடோ மீட்டர் இணைப்பு, ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச் ஆகியவற்றைப் பழைய பெட்டியின் பக்கத்தில் வைத்தே பாருங்கள். விகிதம் ஒன்றுதானா என்று அறிய இரண்டு தண்டுகளிலும் சாக்பீஸால் கோடு போட்டு, முதல் கியரில் பின் தண்டு ஒரு சுற்று முடிக்க முன் தண்டு எத்தனை சுற்றுகிறது என்று இரண்டு பெட்டிகளிலும் எண்ணிவிடலாம்.

கிளட்சையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

பெட்டியை இறக்கி ஏற்றும் கூலிதான் கிளட்ச் வேலையின் பெரும் பகுதி. அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். கிளட்ச் பிளேட்டில் பாதிக்கும் மேல் உயிர் இருந்தால் விட்டுவிடலாம், ஆனால் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், என்ஜினின் பின் ஆயில் சீல் ஆகிய மூன்றையும் கட்டாயம் மாற்றுங்கள். பிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும் கோடுகளும் இருந்தால் அதைக் கடைசலில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும்.

பட்டறையில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையையும் உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார். பேரிங்கைப் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றுகிறார்களா, சுத்தியலால் அடித்து ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். சுத்தியலின் அடி பேரிங்கின் உருளைகள் வழியாகப் போனால், புதிய பேரிங்கின் ஓடுபாதையில் அன்றே சிறு குழிகள் விழுந்துவிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அது இரையத் தொடங்கும். தண்டின் முன்பின் ஆட்டத்தை அளந்து, அதற்கேற்ற ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையம் போட்டார்களா என்று கேளுங்கள். கேட்கும் அளவுக்கு உங்களுக்குத் தெரியும் என்பதே வேலையைத் திருத்தும்.

பெட்டியை ஏற்றும்போது அதன் எடை முழுவதும் இன்புட் ஷாப்டின் மேல் தொங்கக் கூடாது, ஜாக் கொடுத்துத் தாங்க வேண்டும். தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும், வண்டி எடுக்கும்போதெல்லாம் உதறும்.

பில் வாங்குங்கள். வாகன உதிரி பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பில் இல்லாமல் வாங்கிய பாகத்துக்கு உத்தரவாதம் கேட்க வழியில்லை.

எந்த ஆயில் ஊற்ற வேண்டும்?

கைந்நூலில் எழுதியிருப்பதை மட்டும். இதில் நடக்கும் பெரிய தவறு, ஹவுசிங்குக்கு வாங்கிய ஆயிலில் மிச்சத்தைப் பெட்டியிலும் ஊற்றிவிடுவது. இரண்டிலுமே 80டபிள்யூ-90 என்னும் கெட்டித்தன்மை எண் எழுதியிருக்கும், ஜி.எல். என்னும் தரம்தான் வேறு. ஹவுசிங்கின் கிரவுன் பினியனுக்கு ஜி.எல்.-5 வேண்டும். பல கியர் பாக்ஸ்களுக்கு ஜி.எல்.-4 சொல்லப்பட்டிருக்கும். ஜி.எல்.-5இல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம். அவற்றில் சில பித்தளை ரிங்கை அரிக்கும், வழுக்கும் தன்மையால் ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமலும் போகும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டு நிரப்புத் துளையின் விளிம்பில் ஆயில் வழியும் வரை ஊற்றினால் அதுவே சரியான அளவு. சத்தத்தை அடக்க ஆயிலில் கெட்டியான பொருட்களைக் கலப்பது, வண்டியை விற்க நினைக்கும் ஒருவர் வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

பெட்டியை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டுமா?

ஆர்.சி.யில் பதிவாவது என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்தான், கியர் பாக்ஸ் எண் பதிவாவதில்லை. அதே வகைப் பெட்டியைப் பழுதுக்காக மாற்றும்போது பதிவில் மாற்றம் எதுவும் வராது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு எப்.சி. என்னும் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால், எப்.சி.க்காக வண்டி எப்படியும் நிற்கும் நாட்களிலேயே பெட்டி வேலையையும் வைத்துக்கொண்டால் ஒரு நிறுத்தம் மிச்சம்.

நின்றுபோன வண்டியைக் கட்டி இழுத்து வரலாமா?

பின் சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் இழுக்காதீர்கள், நியூட்ரலில் இருந்தாலும் கூடாது. பெட்டிக்குள் ஆயிலை அள்ளி மேலே தெளிப்பது லே ஷாப்டின் பற்கள். அது சுற்ற என்ஜின் ஓட வேண்டும். என்ஜின் நின்றிருக்கும்போது சக்கரங்கள் மெயின் ஷாப்டை மட்டும் சுற்றுகின்றன, லே ஷாப்ட் அசையாமல் கிடக்கிறது, மேலே உள்ள பேரிங்குகள் ஆயிலின்றி எரிகின்றன. ஹவுசிங் பக்கம் உள்ள நான்கு போல்ட்டைக் கழற்றி, புரொப்பல்லர் ஷாப்டை விடுவித்துக் கம்பியால் மேலே கட்டிவிட்டால் எவ்வளவு தூரமும் இழுக்கலாம். ஷாப்டைப் பெட்டியிலிருந்து முழுவதும் உருவினால் பின் சீல் வழியாக ஆயில் கொட்டும் என்பதால், அந்த வாயைப் பிளாஸ்டிக் பை வைத்து இறுகக் கட்டுங்கள்.

வேலை முடிந்த வண்டியை முதலில் எப்படி ஓட்டுவது?

முதல் 1,000 கிலோமீட்டருக்குப் பாதிச் சுமை, மிதமான வேகம். புதிய சின்க்ரோ ரிங் கூம்போடு பழகும் வரை கியர் சற்று இறுக்கமாக விழும், அவசரப்படுத்தாமல் லீவரை லேசாக அழுத்திப் பிடித்தால் தானே போய் உட்காரும். 1,000 கிலோமீட்டரில் ஆயிலை வடித்துப் பாருங்கள். பழகும்போது உதிரும் தூள் அதில் வந்துவிடும். காந்தத்தைத் துடைத்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்றுங்கள். மவுண்டிங், மணிக்கூடு, புரொப்பல்லர் ஷாப்ட் போல்ட்டுகளை அன்றே ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.

ஓட்டுநரின் எந்தப் பழக்கம் பெட்டியை அதிகம் கெடுக்கிறது?

கை ஓய்வுக்காகக் கியர் லீவரின் மேல் வைத்துக்கொண்டே ஓட்டுவது. அந்தச் சிறு பாரம், சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்லீவின் மேல் போர்க்கை ஓயாமல் அழுத்தி, அதைத் தின்றுவிடும். அடுத்தது, மேட்டில் கியரை இறக்காமல் ஐந்தாவதிலேயே என்ஜினைத் திணறவிட்டு ஏற்றுவது. அப்போது என்ஜினின் ஒவ்வொரு அடியும் பற்களின் மேல் சம்மட்டியாக விழுகிறது. அளவுக்கு மீறிய சுமையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஓட்டுநர் அல்ல என்பதையும் உரிமையாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செலவு செய்வதற்குப் பதில் வண்டியையே விற்றுவிடலாமா?

என்ஜின் புகையில்லாமல் நன்றாக இழுத்து, சேஸிஸில் துருவோ விரிசலோ இல்லாமல் இருந்தால் பெட்டிக்குச் செலவு செய்வது வீணாகாது. கத்தும் பெட்டியோடு விற்கப் போனால், வாங்குகிறவர் வேலைக்கு ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கை விலையில் குறைப்பார். என்ஜினும் ஆயில் குடித்து, ஹவுசிங்கும் ஊளையிட்டு, தளமும் அரித்துப் போயிருந்தால், பெட்டியைப் பிரிக்கச் சொல்வதற்கு முன் அந்த மூன்றுக்கும் ஆகும் செலவை ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை வண்டியின் இன்றைய விலையில் பாதியை எட்டினால் விற்றுவிடுங்கள், பெட்டியின் நிலையை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லியே விற்றுவிடுங்கள்.